மச்சம் இல்லாத முகம்

காவல் நிலையத்தில் ஏட்டு எங்களிடம் கேட்டது ஒரு போட்டோ. "சமீபத்துல எடுத்ததா குடும்மா. மொகம் நல்லா தெரியணும்" என்றார்.

என் தம்பியைக் காணவில்லை. அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது. முந்தின நாள் காலை, சுண்ணாம்புக்குளத்தில் சிநேகிதன் வீட்டில் விசேஷம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையும் புது ஷூவுமாகக் கிளம்பியவன் திரும்பி வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. அந்தச் சிநேகிதனைக் கூப்பிட்டுக் கேட்டால், "எங்க வூட்ல விசேஷமா? இன்னாக்கா சொல்ற?" என்று அவன் திகைத்தான். மீஞ்சூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அம்மாவோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்தேன். எங்கள் அப்பா, நைனா, எங்களுக்கு முன்பே படகை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் ஏரியில் தேடப் போய்விட்டார்.

தம்பியின் போட்டோவுக்கா பஞ்சம்? அவனுடைய இன்ஸ்டாகிராமில் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒன்றைத் திறந்து ஏட்டிடம் நீட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அங்க அடையாளம் எதுனா கீதா?"

அம்மா உடனே சொன்னாள். "எட கன்னத்துல பெரிய மச்சம் சார். கண்ணு கீழேர்ந்து தாட வரிக்கும் கருப்பா எறங்கியிருக்கும். பொறந்தப்பவே இருந்திச்சி."

ஏட்டு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தார். "எங்கம்மா கீது? கன்னம் ரெண்டும் வழவழன்னு கீது?"

அம்மா போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். தம்பியின் படங்களை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. பார்த்தவள் என்னிடம் எரிந்து விழுந்தாள்.

"யார் போட்டோவடி காட்ற? இது என் புள்ள இல்ல."

"அம்மா, இது அவன்தாம்மா."

"எனக்குத் தெரியாதா? இவன் யாரோ. வேற காட்டு."

நான் அடுத்ததைக் காட்டினேன். அதற்கடுத்ததைக் காட்டினேன். விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். கோட்டைக்குப்பத்துக் கரையில், முகத்துவாரத்தில், பஸ்ஸில், எங்கள் வீட்டு வாசலில் என்று எல்லாப் படத்திலும் ஒரே பையன் நின்றான். மூக்கு கூர்மை, தாடை ஒடுக்கம், நிறம் கோதுமை. கன்னத்தில் ஒரு புள்ளி இல்லை. இவற்றை நான் தினமும் பார்த்திருக்கிறேன், லைக் போட்டிருக்கிறேன். தம்பி என்று தெரிந்தே பார்த்ததால் அது தம்பியாகவே தெரிந்திருந்தது. இப்போது அவனைத் தேடிப் பார்த்தால், அவன் அதில் இல்லை.

"உன் போன்ல நீ எடுத்தது எதுனா இருக்கும் பாரும்மா" என்றார் ஏட்டு, பொறுமையாக.

இருந்தன. திருவிழாவில் எடுத்த நாலைந்து படங்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தம்பி வலக் கன்னம் மட்டும் தெரியும்படி திரும்பி நின்றிருந்தான். நேராகப் பார்த்த ஒரே படத்தில் மச்சம் ஏதோ நிழல் விழுந்த மாதிரி மங்கித் தெரிந்தது. ஆதார் அட்டையில் இருந்தவன் பள்ளிக்கூடத்துப் பொடியன். கல்லூரி அடையாள அட்டையில் இருந்ததோ ஸ்டூடியோவில் எடுத்த படம்.

அந்த ஸ்டூடியோ படம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொன்னேரியில் எடுத்தது. தம்பி கேட்காமலே கடைக்காரர் மச்சத்தைத் துடைத்துவிட்டு, "தம்பி, சோக்கா ஆக்கிட்டேன் பாரு" என்று கொடுத்திருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பிடக்கூட இல்லை. அந்தச் சின்னப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். "இன்னாடா?" என்றதற்கு, "ஒண்ணுமில்லக்கா, இப்டிகூட இருந்திருக்கலாம்ல" என்றான்.

அவன் வயிற்றில் இருந்தபோது அம்மா கிரகணத்தன்று ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்தாளாம். அதனால்தான் பிள்ளைக்குக் கருப்பு விழுந்தது என்று உறவுக்காரர்கள் வாய் கூசாமல் சொல்வார்கள், அவன் காது படவே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வேறு மாதிரி சொன்னார்கள். பஸ்ஸில் ஏறினால் அவன் இடது பக்க ஜன்னலோரம்தான் உட்காருவான். என்னோடு நடந்தால் எனக்கு இடப்பக்கம் வருவான். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. எங்களுக்குப் பழகிவிட்டது. அவனுக்கும் பழகியிருக்கும் என்று நினைத்திருந்தோம்.

கடைசியில் ஏட்டு, இருந்ததில் ஒரு படத்தை வாங்கிக்கொண்டு, மச்சம் பற்றிக் கையால் எழுதிச் சேர்த்தார். தம்பியின் சிநேகிதர்கள் இன்னும் வேகமாக இருந்தார்கள். நாங்கள் ஸ்டேஷனை விட்டு வெளியே வருவதற்குள் "காணவில்லை" என்று பெரிதாகப் போட்டு, என் போன் நம்பரோடு, எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே அழகான படம். மச்சத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. யாரைச் சொல்லிக் குற்றம்? காணாமல் போனவனை நல்லபடியாகக் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

நைனா ஆட்களோடு முகத்துவாரம் வரை போய்ப் பார்த்துவிட்டு உப்பு பூத்த உடம்போடு திரும்பினார். அடுத்த நாளும் போனார். யார் யாரோ எனக்குப் போன் செய்தார்கள். கும்மிடிப்பூண்டியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், ஓடினோம். அங்கே ஒரு டீக்கடையில் சிவப்பாக, ஒல்லியாக ஒரு பையன் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். படத்தில் இருந்தவனைப் போலவே இருந்தான். என் தம்பியைப் போல இல்லவே இல்லை.

மூன்றாம் நாள் மதியம் அந்த அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல். தமிழும் தெலுங்கும் கலந்து பேசியது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் என்றாள். கல்லூரியில் படிப்பதாகச் சொன்னாள்.

"அக்கா, நீங்க அவரோட அக்காவா? அவரு அன்னிக்கு என்னைப் பாக்கத்தான் வர்றதா சொன்னாரு. இன்ஸ்டால ஒரு வருஷமா பழக்கம். நேர்ல பாத்ததில்ல. பஸ் ஸ்டாப்ல ரொம்ப நேரம் நின்னேன். வரவே இல்ல. எனக்குக் கோபம். இன்னிக்குத்தான் இந்த மெசேஜ் பாத்தேன்."

எனக்குப் புது ஷூவும் இஸ்திரிச் சட்டையும் அப்போதுதான் புரிந்தன. அவளிடம் அன்று நடந்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னேன். அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"ஒண்ணும் நடக்கலக்கா. நான் இந்தப் பக்கம் நின்னுட்டு இருந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு ஆளு என்னையே முறைச்சிப் பாத்துட்டு இருந்தான். மூஞ்சில பாதி கருப்பு. கையக்கூடத் தூக்கினான். எனக்கு பயமாயிடுச்சி. பக்கத்து ஜூஸ் கடைக்குள்ள போயிட்டேன். அப்புறம் பெரிய சத்தம். வெளிய வந்து பாத்தா, அந்த ஆளைத்தான் ஒரு வேன் அடிச்சிடுச்சி. ஒரே கூட்டம். அதச் சொல்லலாம்னுதான் உங்க தம்பிக்கு உடனே போன் பண்ணேன். ரிங் போச்சி. எடுக்கல. மறுபடி பண்ணா ஆஃப்."

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்துவிட்டேன். அவள் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"எந்தக் கன்னம்மா கருப்பு?" என்றேன் ஒருவழியாக.

"எட கன்னம்."

"அவன்தாம்மா என் தம்பி."

அந்தப் பக்கம் வண்டிகள் போகும் ஓசை கேட்டது. பிறகு அவள், "இல்லக்கா, அவரு போட்டோ என்கிட்ட இருக்கு" என்றாள், ஏதோ நான்தான் தவறாகச் சொல்கிறேன் என்பது போல. அதற்குப் பின் அவள் அழ ஆரம்பித்தது கேட்டது. என்னால் அவளைத் தேற்ற முடியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

நானும் நைனாவும் அன்றே போனோம். அந்த ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில், அடிபட்டவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் பணியில் இருந்த நர்சம்மாவிடம் நான் பழக்கதோஷத்தில் அந்தப் போட்டோவை நீட்டினேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இந்தப் படம் எங்க குரூப்புக்கும் வந்ததும்மா. பேர் தெரியாத பையன் ஒருத்தன் இருக்கான்னு உடனே எடுத்துக்கிட்டுப் போய்ப் பக்கத்துல வச்சிப் பாத்தோம். இவனில்ல. அவனுக்கு மூஞ்சில பெரிய மச்சம் இருக்கு."

அவனைத் தேடும் படத்தையே அவன் கட்டிலருகே வைத்துப் பார்த்து, அவன் இல்லை என்று முடிவு செய்து, திரும்ப எடுத்துப் போயிருக்கிறார்கள். நைனாவுக்கு நர்சம்மா சொன்னதில் மச்சம் என்ற ஒன்றே போதுமாக இருந்தது. அவர் எங்களை விட்டுவிட்டு வார்டுக்குள் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே ஓடினார்.

தலையில் கட்டு, கால் மாவுக்கட்டில். கண் மூடியிருந்தான். நைனா அவன் இடக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த இடத்தை எங்கள் வீட்டில் யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. தொட்டால் அவனுக்குப் பிடிக்காது.

மறுநாள் அவனுக்கு நினைவு தெளிந்தது. என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "போன் எங்கக்கா?" என்பதுதான். போன் நொறுங்கிப் போயிருந்தது. அதைச் சொன்னதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. கால் உடைந்ததைச் சொன்னபோதுகூட அவன் அப்படி ஆகவில்லை.

அந்தப் பெண் அந்த வாரமே பார்க்க வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பதாகச் சொன்னாள். நான் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவள் படத்தை இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டிருந்தேன், பெரிய கண்ணும் மெல்லிய முகமுமாக. வாசலில் அப்படி ஒருத்தியும் இல்லை. பருக்கள் நிறைந்த முகத்தோடு, கொஞ்சம் பூசினாற்போல, ஒரு கல்லூரிப் பெண் மட்டும் பழப்பையோடு நின்றாள். நான் அவளைத் தாண்டி ரோட்டைப் பார்த்தேன். போன் செய்தேன். அந்தப் பெண்ணின் கையிலிருந்த போன் அடித்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாரும் அப்படித்தான்க்கா போடுறாங்க" என்றாள்.

நாங்கள் மேலே போனதும் தம்பி வலப்பக்கம் தெரியும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கழுத்தில் அடி, திருப்பினால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். அவள் அதற்கேற்ப அவன் வலப்பக்கமாகவே போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவர்கள் பேசட்டும் என்று நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்தவனுக்கு என் பழைய போனைக் கொடுத்திருந்தேன். ஒருநாள் மாலை அவன் பக்கத்தில் காபியை வைக்கப் போனவள் திரையைப் பார்த்தேன். தன்னையே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். நெற்றித் தையல் மறைந்தது. மழித்த தலையில் முடி வந்தது. பிறகு மச்சம் போயிற்று. அதற்கு அவன் யோசிக்கக்கூட இல்லை. சட்டையில் ஒட்டிய நூலைத் தட்டிவிடுவது போலத் தட்டிவிட்டான்.

"இன்னாடா பண்ற?" என்று கத்தினேன். காபி கட்டிலில் சிந்திற்று. "இவ்ளோ பட்டும் புத்தி வர்ல? இந்த மூஞ்சினாலதான்டா உன்னக் கண்டுபிடிக்க முடியாமப் போச்சி!"

அவன் கோபப்படவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அக்கா, நான் எடிட் பண்றேன்னு நீ நெனச்சிக்கினு கீற. எனக்கு அப்படி இல்ல. கண்ணாடியில பாத்தா எவனோ மாதிரி கீது. இதுல பாத்தாதான் நான். அன்னிக்கு பஸ்ல போறப்போகூட நான் இந்த மூஞ்சியோடதான் போய்க்கினு கீறேன்னு நெனச்சேன். மச்சம் கீதுன்றதே மறந்துட்டேன். மெய்யா மறந்துட்டேன்க்கா."

"அப்பால?"

"அவ சொல்லியிருந்த டிரஸ்ஸ வச்சி அவளக் கண்டுபிடிச்சி கையத் தூக்கினேன். அவ என்னை நேராப் பாத்தா. என்னைப் பாத்துக்கினே வேற எவனையோ தேடறா. அப்பால கடைக்குள்ள போய்ட்டா. அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்திச்சி. திரும்பி நடந்தேன். ரோட்ல வண்டி வர்றது தெரியல."

நான் அவள் பயந்தாள் என்பதை அதுவரை அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அவனே சொன்னான். "பயந்துட்டாளாம்க்கா. ஆஸ்பத்திரில அவளே சொல்லி அழுதா." சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைத்த போனின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவனைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அவன் தன்னை விட்டுவிட்டு எவ்வளவு தூரம் போயிருந்தான் என்பது தெரியவே இல்லை.

லீவு முடிந்து மீஞ்சூருக்கு வேலைக்குப் போனபோது, கேன்டீனில் என்னைவிட இளைய ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். திருவிழாப் படத்தில் மச்சம் ஏன் மங்கியிருந்தது என்று கேட்டேன். அவள் என் போனை வாங்கிக் கேமராவைத் திறந்தாள். சிரித்தாள்.

"அக்கா, பியூட்டி மோடு ஆன்ல கீது. வாங்கனப்பலேர்ந்தே இப்டித்தான் இருந்திருக்கும். நீ எடுத்ததெல்லாம் அதுவே தேச்சிதான் குடுத்திருக்கு."

நான் எதையும் மாற்றுகிறவள் இல்லை என்றுதான் இருந்தேன். நைனாவின் வெயில் தின்ற நெற்றி, அம்மாவின் கைச் சுருக்கம், என் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம், எதையுமே என் போன் அத்தனை வருஷமும் உள்ளபடி பிடிக்கவில்லை. அந்தப் பெண் அதை அணைத்துவிட்டு என்னை ஒரு படம் எடுத்துக் காட்டினாள்.

"அய்யய்யோ, அழிச்சிடும்மா" என்றேன்.

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் அழித்துவிட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பித் தட்டைக் கழுவப் போனேன்.

தம்பி இப்போது நொண்டாமல் நடக்கிறான். பொன்னேரியில் ஒரு மொபைல் கடையில் வேலை. ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்ணோடு பேச்சு உண்டு என்று நினைக்கிறேன், நான் கேட்பதில்லை. இன்ஸ்டாகிராமில் படம் போடுவதைக் குறைத்திருக்கிறான், நிறுத்தவில்லை. போடுவதில் சிலவற்றில் மச்சம் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. மச்சம் இருக்கிற படத்தைப் போட்ட அன்று அவன் போனைப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்ப்பான். நாங்கள் கவனிக்காத மாதிரி இருப்போம்.

பொங்கலன்று அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். "என்னை ஒண்ணு எட்றா" என்றாள். அவன் எடுத்தான். எடுத்த கையோடு, வழக்கம்போல, அவன் விரல் தானாக அவள் முகத்தின் மேல் ஓடிற்று. அதைப் பார்த்துவிட்டு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டேஷனில் "இது என் புள்ள இல்ல" என்று சொன்னவள் இவள். இப்போது என்ன பேசப் போகிறாளோ?

அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சுருக்கமில்லாத, நிறம் ஏறிய அந்தப் பொம்பளையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏய், நான் கல்யாணத்தப்போகூட இப்டி இல்லியேடா. இத பெருசாப் போட்டு மாட்டு."

"அம்மா, இது நீ இல்லம்மா" என்றான் தம்பி.

"தெரியும் போடா. இருந்துட்டுப் போவுட்டும்."

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு அவன் சிரித்தான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல்.